அமுக்கிப் பார்த்தல்

பிறருடைய வலியை நாம் அறிய முடியுமா என்ற கேள்வியைத் தத்துவக்காரர்கள் வெகுகாலமாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார்கள். வாதநோய் மருத்துவர் அதைக் கட்டைவிரலால் தீர்த்துக்கொள்கிறார். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை, தன் நகம் வெளுக்கிற அளவுக்கு ஒவ்வொன்றாக அமுக்குகிறார். நோயாளி முகம் சுளித்தால் கணக்கில் ஒன்று கூடுகிறது. மற்றவரின் வலியை அறிய அதைச் சிறிது உண்டாக்கியாக வேண்டும் என்பதும், அந்த உரிமையை ஓர் அந்நிய விரலுக்கு நாம் தந்திருக்கிறோம் என்பதும் இதில் அடக்கம்.

2020 மார்ச் 25இல், ஊரடங்கு தொடங்கிய அன்றே, மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. உடலைத் தொட்டுச் சோதிப்பது இன்றியமையாததாக இருந்தால், நேரில் பார்க்க வழி ஏற்படும்வரை மேலே போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. எப்போது இன்றியமையாதது என்பதை மருத்துவரின் முடிவுக்கு விட்டிருக்கிறது. வேறென்ன செய்ய முடியும்? மின்ரயில் ஓடவில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களை ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்துவதும் நியாயமில்லை.

செங்கல்பட்டில் என் பெரியம்மாவுக்குப் பதினைந்து வருஷ முடக்குவாதம். செல்போன் திரையில் டாக்டர், "பக்கத்தில யாராவது இருந்தா அந்த விரல் முட்டியை அமுக்கிப் பாக்கச் சொல்லுங்கம்மா" என்றார். மருமகள் அமுக்கினாள். பெரியம்மா, "வலிக்கலை" என்றாள். வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் அளவு அப்படியே தொடர்ந்தது. நாலு மாசம் கழித்து நேரில் போனபோது இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

அவள் பொய் சொன்னாளா? ஒரே அடுப்படியில் எத்தனையோ வருஷம் புழங்கிய இருவருக்கு நடுவில் 'வலிக்கிறது' என்ற சொல் மூட்டை மட்டும் குறிப்பதில்லை. டாக்டரின் விரலுக்கு அந்தச் சரித்திரம் கிடையாது. (தொடுவதற்கு ஜாதி கேட்ட ஊரில் அப்படி ஒரு விரல் இருப்பதே பெரிய விஷயம்.) திரைக்கு அப்பாலிருந்து அவர் தன் விரலை இரவல் கொடுத்தார், அதன் அந்நியத்தன்மையைக் கொடுக்க முடியவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் ஸ்பரிசத்தைக் கும்பிடுவதாகிவிடும். மாமல்லபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சிற்பிக்கும் இதே வியாதி. கல்லில் எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று தெரிந்த கை. தன் மணிக்கட்டைத் தானே அமுக்கி, எந்த இடம், எவ்வளவு என்று துல்லியமாகச் சொன்னார். அதைவிட முக்கியம், பட்டறையிலிருந்தே பேசினார். உளிச் சத்தம் கேட்டு, அவர் தலையிலும் புருவத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து, டாக்டர் முதன்முறையாகத் தூசியைப் பற்றிக் கேட்டார். 1953இல் காப்லன் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல்களைப் பார்த்து எழுதியதிலிருந்து தூசியும் முடக்குவாதமும் சேர்த்தே பேசப்படுகின்றன. கருங்கல் தூசியில் இருக்கும் சிலிக்கா அந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆஸ்பத்திரிக்கு மூன்று வருஷம் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர். அங்கே அவருடைய மூட்டுகளைத் தொட்டவர் யாரும் அவருடைய நாளைப் பார்க்கவில்லை.

ஆகவே தொடுவது அறிவு, பார்ப்பது அறிவல்ல என்று நான் சொல்லத் தயாரில்லை. ஆனால் சிற்பியிடம் பலித்தது பெரியம்மாவிடம் பலிக்காததற்கு, தன் வலியைத் தானே எடுத்துச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்ததும் அவளுக்கு இல்லாததும் காரணம் என்று நினைக்கிறேன். அந்த அதிகாரத்தை எந்த நெறிமுறையும் அவளுக்கு எழுதித்தர முடியாது. இப்போது மறுபடி ரயிலேறிப் போகிறாள். டாக்டர் அமுக்கும்போது கத்துகிறாள். அன்றைக்கு வலித்ததா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. மருமகள் எப்போதும் பக்கத்தில் இருக்கிறாள்.