இன்னொரு ஆள்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. அரிவாளுக்கும் மம்பட்டிக்கும் பொட்டு வைத்து முடித்த சாயங்காலம். அன்னவாசல் பக்கத்து வானத்தில் ஒரு விமானம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 5.40 மணிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140 பேருக்கு மேல். போயிங் 737 வானத்தில் எரிபொருளைக் கொட்டிவிட முடியாத ரகம். பறந்து எரித்துத்தான் கனத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றி, இரவு எட்டேகால் வாக்கில் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது.

எங்கள் தெருவில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. "யாரு பெத்த பிள்ளைகளோ" என்று எல்லோரும் அண்ணாந்து நின்றோம். சின்னாத்தா கேட்டுச்சு: "உள்ள எத்தன பேரு தம்பி ஓட்டுறாக?" ரெண்டு பேர், அதில் ஒருவர் பெண் என்று மறுநாள்தான் விவரமாகச் சொன்னேன். "அப்பச் சரி. ஒருத்தருக்குக் கை ஓடலன்னாலும் இன்னொரு ஆளு இருக்குல்ல."

அந்த இன்னொரு ஆளைத்தான் இப்போது கழிக்கப் பார்க்கிறார்கள். முன்பு நெடுந்தூர விமானங்களின் முன்னறையில் விமானிகளோடு ரேடியோக்காரர், வழிகணிப்பவர், எஞ்சினியர் என்று ஐந்து பேர்வரை இருந்தார்கள். கருவிகள் வர வர ஒவ்வொருவராக இறக்கிவிடப்பட்டார்கள். மிஞ்சியது இரண்டு. முதலில் நடுவானில் மட்டும் ஒருவர் போதும், மற்றவர் போய்த் தூங்கட்டும். பிறகு பயணம் முழுக்க ஒருவரே போதும். இதுதான் திட்டம். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இதை ஆராய்ந்து, இன்றைய விமானங்களில் இருவர் தரும் அளவு பாதுகாப்பை ஒருவர் தருவார் என்று நிரூபிக்க முடியவில்லை என 2025-இல் அறிவித்தது. கதவைச் சாத்தியிருக்கிறார்கள், பூட்டவில்லை.

எந்திரம் களைப்பதில்லை என்கிறார்கள். உண்மைதான். இரண்டு பேர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். இதே திருச்சியில் 2018 அக்டோபரில் துபாய் விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு எழும்பி, கடைசியில் மும்பையில் இறக்கப்பட்டதே, அன்றும் இரண்டு பேர்தான் ஓட்டினார்கள்.

ஆனால் இரண்டாவது ஆள் எதற்கு? கூடுதலாக ரெண்டு கைக்கா? 2010 மே 22-ஐ நினைத்துப் பாருங்கள். துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுதளம் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைக்கப் போய்த் திரும்பியவர்களும் அவர்கள் குடும்பங்களும். இறங்காதே, மேலே தூக்கு என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. கேப்டன் கேட்கவில்லை. 1977-இல் டெனரீஃப் தீவிலும் இதே கதை. எதிரே இன்னொரு விமானம் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையோ என்று கேட்டவர் பின் இருக்கையிலிருந்த எஞ்சினியர். கேப்டன் அதைத் தட்டிவிட்டார். 583 உயிர்கள். கேட்டவரின் அந்த இருக்கைதான் பிற்பாடு மிச்சம் என்று எடுக்கப்பட்டது.

ஆள் இருந்தும் பிரயோசனமில்லையே என்று சிலர் வாதிடலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஆள் இருந்தார், சொல்லவும் சொன்னார், அவர் சொல்லுக்கு எடையில்லை. மேலே உள்ளவர் முடிவெடுத்த பிறகு கீழே உள்ளவர் 'வேண்டாம்' என்றால் என்ன ஆகும் என்பது ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நின்று பேசிய நமக்குப் புதுசா? டெனரீஃப் போன்ற சாவுகளுக்குப் பிறகுதான் கீழ்நாற்காலிக்குப் பேசவும், மேல்நாற்காலிக்குக் கேட்கவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். பேச்சுக்கு எடை வரும் நேரத்தில் நாற்காலியையே தூக்கப் பார்க்கிறார்கள். சதி என்று சொல்லவில்லை. சம்பளக் கணக்குதான்.

எந்திரமும் எச்சரிக்கும். ஆனால் அதற்குச் சாவு கிடையாது. மங்களூரில் மூன்று முறை சொன்னவர் அதே விமானத்தில் செத்தார். தன் உயிரையும் வைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்று சொல்லும் குரலைக் கருவியின் சத்தத்தோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

இதில் ஒன்று உறுத்துகிறது. சாக்கடைக் குழிக்குள் ஆளைப் பாதுகாப்பில்லாமல் இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் போட்டாயிற்று. இன்னும் நம்மாட்கள் விஷவாயுவில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே எந்திரம் வாங்கச் செலவாகுமாம். இங்கே ஆளை வைத்துக்கொள்ளச் செலவாகுமாம்.

போன வாரம் சின்னாத்தாவிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். மகனுக்கு விசா வந்திருக்கிற நேரம்.

"ஒரே ஆளா? அப்ப டிக்கெட்டு வெல கொறையுமா?"

"கொறைப்பாங்கன்னு எனக்குத் தோணல."

"அப்ப அந்த இன்னொரு ஆளு சம்பளம் யாருக்குத் தம்பி போகும்?"