முதுமையில் கற்றலும் கற்பிப்போர் அறமும்: திறன்பேசியை முன்வைத்து

முன்னுரை

கல்வியை இளமைப் பருவத்திற்கு உரியதாகக் காண்பது தமிழ் அறமரபு. ஔவையாரின் ஆத்திசூடி கற்றற்குரிய காலமாக இளமையையே சுட்டுகிறது. அதே மரபில் தோன்றிய திருக்குறளின் கல்வி அதிகாரம், கற்றவனுக்கு எல்லா நாடும் ஊரும் தனக்குரியனவாகும்போது ஒருவன் சாகும்வரை கல்லாதிருப்பது எதனால் என்றும் வினவுகிறது. முன்னது கல்வியின் தொடக்கத்தையும் பின்னது அதன் எல்லையின்மையையும் குறிப்பதால் இவ்விரண்டும் முரண்படுவனவல்ல. எனினும், இளமையில் கற்று முடித்துத் தம் வாழ்வை நடத்திய ஒருவர், எழுபதாம் வயதில் மீண்டும் மாணாக்கராக அமர வேண்டிய நிலை பண்டைச் சமுதாயத்தில் பரவலாக எழுந்ததில்லை. திறன்பேசி இந்நிலையைத் தோற்றுவித்துள்ளது. முதியோர் அதனைக் கற்கும் நிகழ்வில் கற்பவர், கற்பிப்பவர், கற்குமாறு பணிக்கும் சமுதாயம் ஆகிய முத்திறத்தார்க்கும் உரிய அறம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் கூறும் கல்விக் கோட்பாடு இவ்வாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

அறியாமை உருவாக்கப்படும் முறை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். இவர்களின் அன்றாட வாழ்வில் திறன்பேசி படிப்படியாகவே நுழைந்தது. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் சான்றளித்து உறுதிப்படுத்த வேண்டும். இதனை மின்னணு முறையில் செய்வதற்கான ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் விரல்ரேகையையோ கருவிழியையோ கொண்டு சான்றளிக்கப்பட்டது. 2021இல் திறன்பேசியின் ஒளிப்படக் கருவியில் முகத்தைக் காட்டிச் சான்றளிக்கும் முறையும் வந்தது. 2016இல் யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறை அறிமுகமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் உயர்மதிப்புப் பணத்தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டபின் மின்னணுப் பரிமாற்றம் கடைத்தெரு வரை பரவியது. எரிவாயு உருளை பதிவு செய்தல், தொடர்வண்டிச் சீட்டுப் பெறுதல், வங்கிக் கணக்கை இயக்குதல் முதலிய பலவற்றிற்கும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் இன்று தேவைப்படுகிறது. வசதியாகத் தொடங்கிய ஒன்று வாயிலாக மாறிவிட்டது.

இம்மாற்றத்தின் அறப்பொருள் கருதத்தக்கது. முப்பதாண்டுகள் அலுவலகக் கோப்புகளைத் திருத்தி ஒப்பமிட்ட ஒருவரும், பால் கணக்கு முதல் மகளின் திருமணச் செலவு வரை மனக்கணக்காகவே நடத்திய குடும்பத் தலைவியும் இன்று வங்கியின் வரவேற்பு மேசைமுன் ஒன்றும் அறியாதவராக நிற்கின்றனர். அவர்கள் அறிந்திருந்த எதையும் மறந்துவிடவில்லை. அவர்களைச் சுற்றியிருந்த உலகம் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டதால் அவர்களின் அறிவு பயன்படாப் பொருளாயிற்று. ஆகவே இவ்வறியாமை அவர்களது குறையன்று. பிறரால் அவர்கள்மீது சுமத்தப்பட்ட நிலை எனலாம். இவ்வேறுபாட்டை உணராதவிடத்தே ஏளனம் பிறக்கிறது. ஓர் அறியாமைக்கு யார் காரணமோ அவர்க்கு அதனைப் போக்கும் கடமையும் உண்டு என்பது இங்கு முதற்கண் நிறுவத்தக்க அறமாகும்.

கற்பித்தலின் திசைமாற்றம்

நன்னூற் பாயிரம் நூல் கற்பித்தற்கு உரியவர் யாவர் என்பதைத் தொகுத்துக் கூறுகிறது. ஆசிரியனின் மகன், தன் ஆசானின் மகன், மன்னன் மகன், மிகுந்த பொருள் கொடுப்போன், வழிபடுவோன், சொன்னதை ஏற்றுக்கொள்ளும் ஆற்றலுடையோன் என அறுவர் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். முதலில் நிற்பவன் மகன். தந்தைக்கு அங்கு இடமில்லை. அறிவு மூத்தோரிடமிருந்து இளையோர்க்கு இறங்கும் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்ட அடிப்படை என்பது இதனால் புலனாகிறது.

எனினும் அந்நூலே கற்பித்தற்கு உரியரல்லாதோரையும் பட்டியலிடுகிறது. கள்ளுண்டு களிப்பவன், சோம்பலுடையவன், செருக்குடையவன், பிணியாளன், சினமுடையவன், உறங்குபவன், மந்த அறிவினன் முதலியோர் அதில் உள்ளனர். முதியவர் அதில் இல்லை. உடற்குறையும் மனக்குறையும் குணக்குறையும் தடையாகக் கூறப்பட்டிருக்க, வயது தடையாகக் கூறப்படாமை நோக்கத்தக்கது. மகனிடம் தந்தை கற்பதை இலக்கணநூல் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் விலக்கவுமில்லை.

இலக்கணம் விட்ட இவ்விடத்தைத் தொன்மம் நிரப்புகிறது. சுவாமிமலைத் தலபுராணக் கதையில் பிரணவத்தின் பொருளைத் தந்தையாகிய சிவபெருமான் மகனாகிய முருகனிடம் கேட்டறிகிறார். தகப்பன்சாமி என்னும் பெயர் இதனாலேயே வழங்குகிறது. இக்கதையில் மகனின் அறிவைவிடத் தந்தையின் பணிவே சிறப்பாகப் போற்றப்படுகிறது. ஆசிரியன் இடம் உயர்ந்தது, மாணாக்கன் இடம் தாழ்ந்தது என்னும் முறையைத் தந்தையே முன்வந்து ஏற்கிறார். அதனால் அவர் பெருமை குன்றவில்லை. அவ்வாறு ஏற்கும் விருப்பமும் உரிமையும் கேட்பவரிடமே இருந்தன என்பதும் கருதத்தக்கது. திறன்பேசி கற்கும் முதியவர்க்கோ அப்பணிவு பெரும்பாலும் விருப்பத்தால் வருவதில்லை. வேறு வழியின்மையால் வருகிறது. வழியின்மையால் பணிந்து நிற்பவரிடம் கற்பிப்பவர் காட்ட வேண்டிய மதிப்பு, விரும்பிப் பணிபவரிடம் காட்டுவதினும் மிகுதியாதல் வேண்டும்.

இல்லிக்குடமா?

முதியோர்க்குக் கற்பிக்கும் இளையோர் பெரிதும் கூறும் குறை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியுள்ளது என்பதாகும். நன்னூல் கடைமாணாக்கர்க்குக் கூறும் உவமைகளுள் ஒன்று இல்லிக்குடம். ஓட்டைக் குடத்தில் நீர் தங்காததுபோல் அம்மாணாக்கனிடம் அறிவு தங்காது. முதியோரும் அவ்வாறே எண்ணப்படுகின்றனர்.

இவ்வெண்ணம் மூன்று காரணங்களால் பொருந்தாது. முதலாவதாக, மீண்டும் கேட்டலை நன்னூல் குறையாகக் கொள்ளவில்லை. ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை நீங்கும். மும்முறை கேட்டால் ஆசிரியர் உரைத்தவாறே பிறர்க்கு உரைக்கும் ஆற்றல் உண்டாகும் என்பது அதன் கருத்து. கூர்த்த அறிவுடைய இளைய மாணாக்கனுக்கே மும்முறை வேண்டும் என்றால், எழுபது வயதினர் நான்காம்முறை கேட்பதைக் குற்றமாகக் கருத இடமில்லை.

இரண்டாவதாக, நூல் மாறாதது; திறன்பேசியோ மாறிக்கொண்டே இருப்பது. செயலிகள் புதுப்பிக்கப்படுந்தோறும் குறியீடுகளின் இடமும் வடிவமும் மாறுகின்றன. நேற்றுத் திரையின் அடியில் இருந்த பொத்தான் இன்று மேல்மூலையில் இருக்கிறது. சென்ற மாதம் கற்றதைச் சரியாக நினைவில் வைத்திருந்த முதியவரே இம்மாதம் தவறான இடத்தைத் தொடுகிறார். குடத்தில் ஓட்டை இல்லை. குடமே நாள்தோறும் மாற்றி வைக்கப்படுகிறது.

மூன்றாவதாக, தடை பலவேளை உடல் சார்ந்தது. தொடுதிரை விரலின் மின்னேற்பைக் கொண்டு இயங்குவது. முதுமையில் உலர்ந்த விரல்நுனியை அது சில வேளைகளில் உணர்வதில்லை. கைநடுக்கமுடையோர் மெல்லத் தொட எண்ணும்போது விரல் சற்று நீண்டு பதிந்துவிட, திரை அதனை வேறொரு கட்டளையாகக் கொள்கிறது. நெடுங்காலம் மண்ணிலும் நீரிலும் உழைத்துத் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதும் உண்டு. உழைத்ததன் அடையாளமே அடையாளமின்மையாக மாறும் இந்நிலையைக் கற்பவரின் அறிவுக்குறையாகக் கொள்வது அறமாகாது.

செய்துகொடுத்தலும் கற்றுக்கொடுத்தலும்

முதியவர் ஐயம் கேட்கும்போது, இங்கே கொடுங்கள் என்று கருவியைக் கையிலிருந்து வாங்கி, நொடியில் வேலையை முடித்துத் திருப்பித் தருவது பல இல்லங்களில் காணப்படும் காட்சி. இது அன்பினால் செய்யப்படுவதே. எனினும் இதில் ஓர் அறச்சிக்கல் உள்ளது. வேலை முடிந்துவிடுகிறது, முதியவரின் அறியாமையோ அப்படியே நிலைக்கிறது. அடுத்தமுறை அவர் மீண்டும் கேட்க வேண்டும். மீண்டும் கேட்பதற்கு நாணி, வேண்டியதையே வேண்டாம் என்று விட்டுவிடுவோரும் உளர். உதவி பெறுபவர் ஒவ்வோர் உதவியிலும் சிறிது சிறுத்துப்போவாராயின், அவ்வுதவியின் தன்மை மறுஆய்வுக்கு உரியது.

செய்துகொடுப்பவர்க்குத் தேவை விரைவு. கற்றுக்கொடுப்பவர்க்குத் தேவை பொறுமை. நன்னூல் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. இவற்றுள் நிலத்தின் பொறையே இங்கு முதன்மை பெறுகிறது. கொள்வோனின் இயல்பையும் ஆற்றலையும் அறிந்து, அவன் ஏற்கும் வகையில் கற்பித்தல் வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. இதனைத் திறன்பேசிக்குப் பொருத்தினால், கருவி எப்போதும் கற்பவரின் கையிலேயே இருத்தல் வேண்டும் என்னும் எளிய நெறி கிடைக்கிறது. கற்பிப்பவரின் விரல் சுட்டலாம், தொடுதல் கூடாது.

இச்சிக்கலின் கூர்மையான வடிவம் மறைக்குறியீட்டு எண்ணில் வெளிப்படுகிறது. அதனை எவரிடமும் பகிரலாகாது என்று வங்கிகள் அறிவுறுத்துகின்றன. கருவியை இயக்கத் தெரியாத முதியவரோ மகனிடமோ பேத்தியிடமோ அதனைச் சொல்லாமல் தம் பணத்தைத் தாமே எடுக்க இயலாது. குடும்பத்தில் ஒளிவுமறைவின்மை அன்பின் அடையாளம். மின்னணு உலகில் மறைத்தலே காப்பு. இரு அறங்கள் இங்கு மோதுகின்றன. நம்பிக்கையால் எண்ணைச் சொல்வதும், வழியின்மையால் சொல்வதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும் உள்ளியல்பால் வேறானவை. மறைக்கும் ஆற்றல் உடையவர் மறைக்காதிருத்தலே நம்பிக்கை. அவ்வாற்றலற்றவர் சொல்வது சார்பு. முதியவர்க்குக் கற்பிப்பது அவரை மக்களிடமிருந்து பிரிப்பதாகாது. அவரது நம்பிக்கையை உண்மையான நம்பிக்கையாக்குவதாகும்.

அறியாமையைப் பற்றிக்கொள்ளக் காத்திருப்போரும் உளர். காவல்துறையினரைப் போல் காணொலியில் தோன்றி, மின்னணுக் கைது என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் மோசடி பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் மக்களை எச்சரித்தார். இத்தகைய கைது எச்சட்டத்திலும் இல்லை. முதியோரும் இதில் இழப்புற்றுள்ளனர். இழந்தவர் பலர் வெளியே சொல்வதில்லை. பணம் போனதைவிட, இதுகூடத் தெரியவில்லையா என்று வீட்டார் கேட்பார்களே என்னும் அச்சம் பெரிதாகிறது. முன்பு ஐயம் கேட்டபோது பெற்ற ஏளனமே பின்பு இழப்பை மறைக்கச் செய்கிறது. ஏளனம் குணக்குறை மட்டுமன்று; பாதுகாப்பைக் குலைக்கும் செயலுமாகும் என்பது இதனால் பெறப்படும்.

கல்லாதிருக்கும் உரிமை

முதுமையில் கற்க இயலும் என்பதற்குக் கேரளம் சான்றளிக்கிறது. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல் தம் 96ஆம் வயதில் கேரள எழுத்தறிவு இயக்கத் தேர்வில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். கணினி கற்கும் விருப்பத்தையும் அவர் வெளியிட்டார். 2022இல் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி முழு மின்னணு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வழியில் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் பயிற்சி பெற்றபின், 2025 ஆகஸ்டில் மாநிலம் முழுமையும் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. ஆசிரியரிடம் கேட்பதால் கால்பங்கும், உடன்பயில்வோரால் கால்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்னும் நன்னூற் கருத்து இத்தகைய முயற்சிக்கு ஒளி தருவது. வீட்டில் தனித்துக் கற்கும் முதியவர்க்கு முதற்கால் மட்டுமே கிடைக்கிறது. ஒத்த வயதினரோடு அமர்ந்து கற்பவரே எஞ்சிய முக்காலையும் பெறுகிறார்.

ஆயின், சிலர் கற்றனர் என்பதால் எல்லாரும் கற்றாக வேண்டும் என்பது பெறப்படாது. கார்த்தியாயினி அம்மாவின் சிறப்பு அவர் விரும்பிக் கற்றதில் உள்ளது. நினைவு தளர்ந்தோர், பார்வை இழந்தோர், படுக்கையில் உள்ளோர் ஆகியோர்க்கும், இனி ஒரு கருவியைக் கற்பதில் எஞ்சிய காலத்தைச் செலவிட விரும்பாதோர்க்கும் அவர்களுக்குரியது கிடைத்தாக வேண்டும். எழுபது வயதைக் கடந்தோர்க்கு இல்லத்திலேயே அடிப்படை வங்கிச் சேவை வழங்குமாறு 2017இல் இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது இவ்வறத்தின் வழிப்பட்டது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அமிலவீச்சுக்கு உள்ளானோரும் பார்வைக் குறையுடையோரும் தொடர்பான வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் கூறு எனத் தீர்ப்பளித்தது. அணுகும் உரிமையை ஏற்றால், அணுக இயலாதார்க்கு மாற்றுவழி வைத்தலும் அதன் உடன்விளைவாகிறது. மாற்றுவழி திறந்திருக்கும்போதே கற்றல் விருப்பமாகிறது. அடைக்கப்பட்டால் அது தண்டனையாகிவிடும்.

முடிவுரை

முதியோர் திறன்பேசி கற்பதில் எழும் இடர்ப்பாடுகளுள் பெரும்பகுதி அவர்களது அறிவுக்குறையால் எழுவதன்று என்பது மேற்கண்ட ஆய்வால் தெளிவாகிறது. உலகம் மாறியதால் நேர்ந்த அறியாமைக்கு ஈடுசெய்யும் கடமை சமுதாயத்திற்கு உண்டு. கருவியைக் கற்பவர் கையிலேயே விட்டு, நான்காம் முறையும் முகம் சுளிக்காது உரைத்தல் கற்பிப்பவரின் அறம். கேட்க நாணாதிருத்தல் கற்பவரின் அறம். அந்நாணம் எழாதவாறு காப்பதோ மீண்டும் கற்பிப்பவரையே சாரும்.

இன்று கற்பிக்கும் இளையோர் நாளை முதியோராவர். அன்று அவர்கள் கையில் எக்கருவி இருக்கும் என்பதை எவரும் அறியார். அதனை அவர்களுக்குக் கற்பிக்கப்போகும் சிறுவர்கள், பாட்டியின் கையிலிருந்து கருவி பிடுங்கப்படுகிறதா, அவர் விரலுக்காக வீட்டார் காத்திருக்கின்றனரா என்பதை இன்றே அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கின்றனர்.