புழுங்கலரிசியும் வியாபாரியின் அமானிதமும்

சரக்கின் குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதில் நமக்குள் அபிப்பிராய பேதமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரங்கண்டு, வியாபாரியைக் கடிந்த வரலாற்றை மதரஸாப் பிள்ளையும் அறியும். ஆனால் கைக்குப் புலப்படாத குறையாயின் என் செய்வது?

முன்னொரு காலம் இந்நாட்டில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கால் வீங்கும்; இருதயம் தளரும். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழர் தப்பியிருப்பதை, நம் அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் கவனித்தார். 1907ல் நூலாகவும் வெளியிட்டார். 1905ல் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு சாராருக்குத் தீட்டிய அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். முதற் சாராரில் பலர் இறந்தனர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்குகிறதென்பது பின்னர் விளங்கிற்று.

சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதோர் உயிர் கொடுத்து வந்த அறிவு அது. ஆகவே அது நம்மிடம் அமானிதம்.

2023ம் வருஷத்துத் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோர் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. மலாக்காப் பட்டணத்திலும் தோட்டப் புறங்களிலும் சீனியும் டின் பாலும் வெள்ளையரிசியும் நிறுத்துக் கொடுப்பவர் நாமே. அவற்றை விற்பது ஹராமென்று நாம் சொல்லவில்லை. விற்காவிடில் கடை நிற்காது. வாங்குபவருக்கும் தெரியுமே என்பீர்கள். எல்லோருக்கும் தெரிவதில்லை, சகோதரர்களே! ஆராய்ச்சியாளர் கண்டு எழுதுகிறார்; அந்த எழுத்து ஏழையின் அடுப்படிக்குக் கடைக்காரன் வாய்வழியாகவே போய்ச் சேருகிறது.

புழுங்கலை முன்னால் வைப்போம். கால் வீங்கிய கிழவி இரண்டு கிலோ சீனி கேட்டால், ஒரு வார்த்தை சொல்லி நிறுப்போம். லாபம் சற்றுக் குறையும், பரக்கத் குறையாது.