நிறுத்தி வைத்த பணமும் சொல்லாத காரணமும்



கட்டிடச் சாமான் வியாபாரம் கடனின்றி நடவாது. சிமெண்டும் ஆணியும் பெயிண்டும் இன்று லாரி ஏறும். பணம் மாதம் கழித்து வரும். அந்த மாதமும் கழிந்த பின், "உங்கள் பில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரி பதில் வருகிறது. எவ்வளவு, எதற்காக என்று கேட்டால், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் காட்டுகிறது" என்கிறார்கள். ஒருவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்துகிறவர், அதன் காரணத்தையும் சொல்லாமல் நிறுத்தி வைக்கலாமா? இதுவே நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

பணத்தை நிறுத்துவது எப்போதும் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பில்லில் நூறு மூட்டை என்றிருக்க, இறங்கியது தொண்ணூறு மூட்டையானால் எப்படிக் கொடுப்பது? பூசிய சுவர் வெடித்திருந்தால், துணைக் குத்தகைக்காரர் தம் ஆட்களின் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காதிருந்தால், பெரிய குத்தகைக்காரர் கையை இறுக்குவது முறையே. பழுதான சரக்குக்கு நாமும் பணம் கொடுப்பதில்லை அல்லவா?

நிற்க. கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது சரியா என்று பார்ப்போம். பெரிய கட்டிடக் கம்பெனிகளின் பேரேடு இன்று மென்பொருளில் இருக்கிறது. ஆரக்கிள் கம்பெனியின் கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பில்லுக்குத் தடை போட்டால், தடையின் பெயர், அதன் காரணம், போட்ட தேதி, போட்டவர் ஆகியவை தனித்தனியே பதிவாகின்றன. அதே கம்பெனி 2016-இல் வாங்கிய டெக்ஸ்டுரா என்பது, கட்டிடத் தொழிலில் பணப் பட்டுவாடாவுக்கென்றே ஏற்பட்டது. ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் பில் நம்பரைச் சொல்லிக் கேட்டால், அதன் மேலுள்ள தடைகளை நொடியில் எடுத்துக் கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. ஆகவே காரணம் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடைத்த காரணத்தைச் சொல்ல மனம் உண்டா என்பதே கேள்வி. இன்னொன்றும் உண்டு. தடை போட்டவர் "இதர காரணம்" என்று எழுதி வைத்தால், இயந்திரமும் "இதர காரணம்" என்றுதான் திருப்பிச் சொல்லும். நாணயம் எழுதுகிற கையில் இருக்க வேண்டும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. சிங்கப்பூரில் 2004-இல் இயற்றப்பட்டு, 2005 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள கட்டிடத் தொழில் பணப் பாதுகாப்புச் சட்டம், கேட்ட தொகையைக் குறைப்பவர் எவ்வளவு குறைக்கிறார், ஏன் குறைக்கிறார் என்று எழுத்தில் பதில் தரவேண்டும் என்கிறது. அந்தப் பதிலில் சொல்லாத காரணத்தைப் பின்னால் தீர்ப்பாளரிடம் கொண்டுபோனால், பொதுவாக அது எடுபடாது. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. பதில் சொல்ல அங்கே பத்து வேலை நாட்கள் உண்டு; சொல்லாவிட்டால் முழுத் தொகையையும் மறுத்ததாகக் கொள்ளப்படும். "எனக்கு மேலிடத்திலிருந்து வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற பழைய நிபந்தனையை இரண்டு நாடுகளின் சட்டமுமே செல்லாதாக்கிவிட்டன.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்வது வேறு, நியாயம் என்று செய்வது வேறு. காரணத்தைச் சொன்னால் பணத்துக்குரியவர் குறையைத் திருத்தலாம், காகிதத்தைக் கொண்டுவரலாம், அல்லது காரணம் தவறு என்று வாதாடலாம். சொல்லாவிட்டால் இந்த மூன்று வழியும் அடைபட்டுப் போகின்றன. அவருக்கு மிஞ்சுவது கெஞ்சுவது ஒன்றே. வேலை செய்தவனைப் பிச்சை கேட்பவனாக்குவது வியாபாரமா? சனிக்கிழமை கூலிக்காக அவர் வாசலில் நிற்கும் ஆட்களுக்கு எந்தத் தடையும் தெரியாது. அவர்களுக்குப் பசி மட்டுமே தெரியும்.

"காரணம் சொன்னால் வாக்குவாதம் வளருமே" என்பார்கள். வளரட்டும். வாதத்துக்கு அஞ்சுகிற காரணம் பெரும்பாலும் காரணமே அல்ல. கையிருப்பை நாலு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளும் ஆசைதான்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் 'அல்பகரா' அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். கொடுக்கல் வாங்கலை நீதியோடு எழுதி வைப்பதைப் பற்றியது அது. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுப்பதைப் பற்றி அதற்குச் சற்று முன்னே, 280-இல், சொல்லப்படுகிறது. இயலாதவனுக்குப் பொறுமை காட்டுவது நம் மார்க்கம். இயன்றவன் மௌனத்தைத் திரையாக்கிக்கொண்டால் அந்தச் சலுகை அவனுக்கு எப்படிப் பொருந்தும்?

இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் சொன்னதன்று. மொத்த வியாபாரிக்கு நாமும் பாக்கி வைக்கிறோம். பத்தாயிரம் வெள்ளி பில்லில் ஆயிரம் வெள்ளிச் சரக்குப் பழுதென்றால், ஆயிரத்தை மட்டும் நிறுத்தி ஒன்பதாயிரத்தைக் கொடுத்துவிடுவோம். நிறுத்திய ஆயிரத்துக்கு ஒரு சீட்டில், தொகை எவ்வளவு, காரணம் என்ன, எது செய்தால் பணம் விடுபடும், எந்தத் தேதியில் விடுபடும் என்ற நான்கையும் எழுதி, உரியவர் கையில் சேர்ப்போம். பணத்தை நிறுத்த நமக்கு உரிமை இருக்கலாம். காரணமோ, பணத்துக்குரியவரிடம் அன்றே சேர வேண்டிய கடன்.