பெருந்தச்சனும் நாசரேத்துத் தச்சரும்

"சாமி, இயேசு என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா?"

ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்கின் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். கையில் பெர்ட்ரண்டு ரசலின் 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' என்ற நூல். 1927-இல் இலண்டனில் ஆற்றிய அச்சொற்பொழிவில், கிறிஸ்து வாழ்ந்தார் என்பதே வரலாற்று நோக்கில் மிகவும் ஐயத்திற்குரியது என்று ரசல் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். நம் நாட்டுப் பகுத்தறிவு மேடைகளும் வெகுகாலமாகக் கேட்டுவரும் கேள்விதான் இது. கேட்டவரை அதட்டி அனுப்புவது எளிது. ஆனால் அதற்குப் பெயர் விசுவாசமன்று.

"அவர் காலத்து அரசாங்க ஆவணம் ஒன்றுகூட இல்லையே!" என்றார்.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். 1010-இல் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்தவை, அவன் தமக்கை கொடுத்தவை, தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள் எல்லாம் உள்ளன. கோயிலை எடுத்த பெருந்தச்சனின் பெயரும் உண்டு. ஆனால் கல் சுமந்தவன் பெயர் எங்கே? அக்கோயிலுக்கு அளந்த நெல்லுக்காக நாற்று நட்டவள் பெயர் எங்கே? அவர்கள் வாழவே இல்லை என்று எவரும் வாதிடுவதில்லை. அரசனுக்கு வேண்டிய தச்சனுக்குக் கல்லில் இடம் கிடைத்தது. குற்றவாளியாகச் சிலுவையில் மாண்ட நாசரேத்துத் தச்சருக்கு எந்த அரசன் கல்வெட்டு வைப்பான்?

அப்படியிருந்தும் வெளியார் இருவர் அவரைக் குறிப்பிட்டுள்ளனர். உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் ஏறத்தாழ கி.பி. 116-இல், திபேரியு ஆட்சியில் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டதை எழுதுகிறார். ஏறத்தாழ 93-இல் எழுதிய யூதராகிய யோசேபுஸ் நூலில் இரண்டு இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் பிற்காலக் கிறிஸ்தவர்களின் கைவரிசை கலந்திருக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நம்மவர் சிலர் அப்பகுதியை முழுமையாக மேடையில் முழங்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். உண்மைக்குப் பொய்ச்சாட்சி எதற்கு? மற்ற இடம் சிறியது, உறுதியானது: கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கல்லெறியப்பட்ட செய்தி அது.

இந்த யாக்கோபைத்தான் புனித பவுல் நேரில் கண்டார். எருசலேம் சென்று கேபாவுடன் பதினைந்து நாள் தங்கியதையும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைச் சந்தித்ததையும் கலாத்தியருக்கு எழுதும்போது, தாம் பொய் சொல்லவில்லை என்று கடவுளையே சாட்சிக்கு அழைக்கிறார். (சகோதரர் என்பது இங்கே நெருங்கிய உறவினரைக் குறிக்கும் என்பது திருச்சபையின் விளக்கம். பெரியப்பா மகனை அண்ணன் என்றழைக்கும் நமக்கு இதில் என்ன வியப்பு?) கற்பனை மனிதருக்கு உறவினர் இருப்பதில்லை. மேலும், அடிமைக்குரிய சாவை அடைந்த ஒருவரை மெசியா என்று புனைந்து சொல்ல எந்த யூதனுக்கும் அன்று தோன்றியிராது. அச்சிலுவை அவர்களுக்கு இடறலாக இருந்ததைப் பவுலே மறைக்கவில்லை.

மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் உயிர்த்தெழுந்தது?" என்றார்.

தாசித்துஸையும் யோசேபுஸையும் அதற்குச் சாட்சியாக நிறுத்த எனக்கு உரிமையில்லை. வரலாறு என்னைச் சிலுவையடி வரையில் கொண்டுவந்து விடுகிறது. அதற்கப்பால், கண்டோம் என்று சொன்னவர்களின் சொல்லை நம்பித்தான் குருவானேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

கலாத்தியர் திருமுகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் ரசலை என்னிடம் விட்டுச் சென்றார். நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.