ஈஞ்சம்பாக்கத்து மெழுகு

ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி தப்பாது. வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துப்போக வரும் அப்பா, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்: "பையனுக்குக் கை நல்லா வருது சார், இல்லேங்கல. இதை வச்சு என்ன சம்பாதிப்பான்?" எங்களில் பலர் அவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்கிவிடுவோம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அவர் கேட்பது நியாயம்தான். "திறமை இருந்தா எப்படியும் வந்துடுவான்" என்று நாங்கள் சொல்கிற பதில்தான் பொறுப்பில்லாதது. திறமை இருந்தும் வராமல் போனவர்களின் கதை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓவியக் கல்லூரியில் படித்த எவரைக் கேட்டாலும் நாலைந்து வரும்.

அந்தக் கேள்வியைப் பெற்றோரிடமே திருப்பித் தள்ளாமல் தன் தலையில் ஏற்றிக்கொண்ட ஆசிரியர் ஒருவர் அந்தக் கல்லூரியிலேயே இருந்தார். கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. பதினேழு வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் படம் வைத்தவர். அடுத்த வருடம் அப்பா இறந்துபோக, வீட்டைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936-இல், இருபத்தைந்து வயதில். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தந்தி இலாகாக் காலத்தை ஒரு வரியில் தாண்டிப்போய்விடுகிறார்கள். பின்னால் அவர் செய்த காரியத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வயிற்றுக்காக விருப்பத்தை ஒத்திப்போட்டவருக்குத்தான் மாணவனின் வயிறு கண்ணில் படும்.

அவர் சேர்ந்தபோது பள்ளியின் தலைவர் தேவிபிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தாரே, அவர்தான். பணிக்கர் அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் ராய் சவுத்ரிக்குப் பிறகு முதல்வரானார். நடுவில் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-இல் வெளிநாடு போய்ப் படங்களைக் காட்டிவிட்டு வந்தார். ஐரோப்பாவின் நிழல் படாத கோடு ஒன்று நம் ஊரில் இருக்க வேண்டும் என்ற தவிப்பு அதன்பிறகு அவரை விடவே இல்லை. கலை வரலாற்றுக்காரர்கள் இதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். பேசட்டும். எனக்கு அவருடைய இன்னொரு தவிப்பின் மேல்தான் கண்.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் படித்து வெளியே வந்த பையன்களுக்குச் சென்னையில் படம் வாங்க ஆளில்லை. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பரக் கம்பெனி, சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்ட், இவ்வளவுதான் கதி. நெசவாளர் சேவை மையத்தில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் அங்கே வேலை பார்த்தவர்கள். காலை முதல் மாலை வரை அடுத்தவருக்கு வரைந்துவிட்டு வருகிற கைக்கு ராத்திரியில் தன் கோடு நினைவுக்கு வராது. நான் கல்யாணப் பத்திரிகையும் புத்தக அட்டையும் செய்து பிழைக்கிறவன் என்பதால் இதைத் தெம்பாகச் சொல்ல முடிகிறது. வாடிக்கையாளர் கேட்கிற மயிலையும் பிள்ளையாரையும் போட்டுப்போட்டு, எனக்காக உட்காரும்போதும் கை மயிலின் கழுத்துக்குத்தான் வளைந்துகொண்டு போகும்.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த வழி மெழுகு. 1963-இல் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்த மாலைகளில் பாத்திக் துணிகள் செய்தார்கள். பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து உருக்கி, நிறம் ஏறக்கூடாத இடத்தில் தூரிகையால் தடவ வேண்டும். சாயம் குளிர்ந்த சாயமாக இருக்க வேண்டும், சூடாக இருந்தால் மெழுகு கரைந்துவிடும். வெளிர் நிறத்தில் முதல் முக்கு. காய்ந்ததும் அந்த நிறம் நிற்க வேண்டிய இடங்களை மூடிவிட்டு, அடுத்த அடர்நிறத்தில் மறுபடி முக்க வேண்டும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றினால், அது விரிந்த இடங்களில் நரம்பு நரம்பாகச் சாயம் இறங்கியிருக்கும். தேன்மெழுகு வளையும், பாரஃபின் வெடிக்கும். எவ்வளவு நரம்பு வேண்டும் என்பது கலவையில் இருக்கிறது. ஒரு முறை தடவியதை அழிக்க வழியே கிடையாது.

பாத்திக் துணிக்கு அன்று நல்ல கிராக்கி. விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்து, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். ஏறத்தாழ 10 ஏக்கர் மணல். பஸ்ஸும் மின்சாரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சவுக்குத் தோப்பும் காற்றுமாக இருந்த இடம். அதற்குச் சோழமண்டலம் என்று பெயர் வைத்துக் குடிசை போட்டுக் குடியேறினார்கள். அரசாங்கத்தையோ ஒரு புரவலரையோ நம்பி எழுந்த ஊரல்ல அது. துணி விற்ற காசில் எழுந்தது. கல்லூரி முதல்வராக இருக்கிற ஒருவர், தன் மாணவர்களுக்கு மதிப்பெண்ணோடு வீட்டு மனையும் சேர்த்து யோசித்திருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது ஏற்பாட்டின் சூட்சுமம். பிழைப்புக்கும் ஓவியத்துக்கும் ஒரே பொருளையே பயன்படுத்தினால் ஒன்றின் பழக்கம் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வண்ணத்தில் விற்பனைக்கான காட்சி ஒன்று, மனசுக்கான காட்சி ஒன்று என்று வரைந்தால் நாளடைவில் இரண்டும் ஒரே முகமாகிவிடும். மெழுகோ வேறு சாமான். கான்வாஸில் கற்ற சாமர்த்தியம் அங்கே செல்லாது. வாங்குபவருக்குப் பிடிக்க வேண்டும் என்ற கவலை துணியோடு தீர்ந்துவிடுகிறது. கான்வாஸுக்கு முன்னால் உட்காரும்போது எவருக்கும் கடன்பட்டிருக்கத் தேவையில்லை. பணிக்கர் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா என்று கேட்டால், அது என் ஊகம்தான். ஆனால் நடந்தது இதுதான். அதே 1963-இல்தான் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். மலையாள எழுத்துகள், ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் படங்கள். எழுத்துபோல இருக்கும், படித்தால் ஒன்றும் புரியாது. வரவேற்பறைச் சோபாவுக்கு மேலே மாட்ட அதை யார் வாங்குவார்கள் என்ற யோசனையோடு எந்த மனிதனும் அப்படி வரைய மாட்டான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. பாத்திக் மோகம் பின்னால் அடங்கியது. சிலர் வெளியேறினார்கள். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் போய் அங்கேயே நிலைத்தார்கள். மயிரிழைக் கோடுகளில் மாளிகையும் பாம்பும் பறக்கும் மனிதர்களுமாகக் கனவூர்களை வரைந்துகொண்டிருந்த கே. ராமானுஜம், முப்பதைத் தாண்டிச் சில வருடங்களிலேயே, 1973-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மனம் பட்ட பாட்டுக்கு மணலில் ஒரு குடிசையும் நல்ல ஆசிரியரும் போதவில்லை. ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியானாலும் அது வயிற்றையும் நேரத்தையும்தான் காப்பாற்றும். மீதியை அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். பிழைப்புக்கு வழி செய்துவிட்டால் கலை தானாக வந்துவிடும் என்று பேசுகிற இன்றைய தொழில்முனைவுப் பயிலரங்குக்காரர்களுக்கு ராமானுஜத்தின் கதை தெரிந்திருக்காது.

பணிக்கர் 1967-இல் ஓய்வு பெற்றார். 1977 ஜனவரியில் இறந்தார். நடுவில் கிடைத்தது ஒன்பது பத்து வருடம். தந்தி இலாகா, மாணவப் பருவம், ஆசிரியர் வேலை, முதல்வர் நாற்காலி, துணிச் சங்கம், நிலம் வாங்கும் அலைச்சல் எல்லாம் போக அவருக்கென்று மிஞ்சிய காலம் அவ்வளவுதான். கற்றுக்கொடுப்பதிலும் நிர்வாகத்திலும் அவர் தன்னை வீணடித்துவிட்டார், இல்லையென்றால் இன்னும் எத்தனை படங்கள் வந்திருக்கும் என்று வருத்தப்படுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மாணவர்களின் சண்டையும் மெழுகு அடுப்பின் புகையும் இல்லாமல், தனியறையில் உட்கார்ந்த பணிக்கருக்கு அந்தக் குறியீடுகள் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தகடு அடித்துச் சிலை செய்கிற ஜானகிராம் பக்கத்திலேயே இருந்தால், எது கைவினை எது கலை என்ற பழைய தகராறு வாசலிலேயே நின்றுவிடும்.

போன வருடத்திலிருந்து என் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாள் கணக்கு. துணி என்ன விலை, சாயம் என்ன விலை, எத்தனை மணி நேரம், கடைக்காரர் எத்தனை சதவீதம் எடுப்பார், கடைசியில் உன் கையில் என்ன மிஞ்சும். மூன்று பெற்றோருக்கு இது பிடித்திருக்கிறது. ஒருவர் மட்டும், "டிராயிங் கிளாஸ்னு சொல்லிட்டுக் கணக்கு எடுக்கறீங்களே" என்று சண்டைக்கு வந்தார். பீஸ் கட்டும்போதும் அதையேதான் சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளைகளோ துணிக்கு விலை போடச் சொன்னால் முதலில் வெட்கப்படுகிறார்கள், பிறகு தாறுமாறாக ஏற்றுகிறார்கள். உங்கள் மாலை நேரத்துக்கு என்ன விலை என்று கேட்டால் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதை எப்படி நிரப்பச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.