நடுங்கும் கையால் கட்டிய தலைப்பாகை

அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்தில் தென் திருவிதாங்கூரின் எளிய மக்களை இரண்டு பயங்கள் ஆண்டுகொண்டிருந்தன. பகலில் அரசு பயம். தலையில் துணி கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, பெண்கள் தோளை மூடக்கூடாது, இடுப்பில் தண்ணீர்க் குடம் வைக்கக்கூடாது. ஆளுக்கு வரி, பனைக்கு வரி. பொழுது சாய்ந்தால் பேய்ப் பயம். சுடுகாட்டுப் பேய், புளியமரத்துப் பேய், மந்திரவாதியின் ஏவல், செய்வினை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்துக்கு முன்னால் கோழியைத்தான் தேடினார்கள். கையில் காசில்லாதவன் கடன் வாங்கி ஆடு வெட்டினான். முதல் பயத்துக்குக் குனிந்தார்கள், இரண்டாம் பயத்துக்குக் கப்பம் கட்டினார்கள்.

கப்பம் கட்டக் கட்டப் பயம் அடங்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. புளியமரத்துக்குப் பயந்தவன் ஒருநாள் வயல்வரப்பைச் சுற்றி வீட்டுக்கு வருகிறான். வீடு வந்ததும் நெஞ்சு ஆறுகிறது. அந்த ஆறுதலை அவன் மனம் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது: சுற்றி வந்ததால்தான் பிழைத்தோம். அடுத்த வாரம் அந்த வரப்பும் மரத்துக்குப் பக்கமாகத் தெரிகிறது. பிறகு இருட்டிய பின் வெளியே போவதே இல்லை. பிறகு கொல்லைக்குப் போகவும் துணை வேண்டியிருக்கிறது. மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவன் நடமாடும் உலகம்தான் முற்றத்தளவு சுருங்கிப்போனது. கலி என்பது மாயை என்று அய்யா வழியினர் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

1841-ல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, அய்யா பேய்களின் வல்லமையை ஒப்படைக்கச் செய்து அவற்றை எரித்ததைச் சொல்கிறது. மந்திரவாதிகளின் வித்தையையும் அய்யா பறித்துக்கொண்டார். இனிப் பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார். கூடியிருந்தவர்கள் கண்டார்கள், கேட்டார்கள், மகிழ்ந்தார்கள். ஆனால் காரியம் அங்கேயே முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகு ஏதோ ஒரு குடிசையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும். கூரையில் கோழி இருந்திருக்கும். மாமியார், "ஒன்றே ஒன்றைக் கொடுத்துவிடு, தெரியாமல் கொடு" என்று சொல்லியிருப்பாள். அந்த இரவில் அந்தத் தாய் கோழியைப் பிடிக்காமல், திருநாமத்தை இட்டு, பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அங்கேதான் அவள் வீட்டுப் பேய் எரிந்தது. எல்லாப் பிள்ளைகளும் பிழைத்திருக்க மாட்டார்கள். கோழி கொடுத்த வீடுகளிலும் எல்லாரும் பிழைக்கவில்லை. இந்த உண்மையைக் கப்பம் கட்டிக்கொண்டே இருப்பவன் ஒருநாளும் அறிய முடியாது. கட்டாமல் ஓர் இரவு பொறுத்திருந்தவளுக்குத்தான் அது தெரியும்.

தலைப்பாகையும் அப்படியே. இன்று பதியிலும் நிழல் தாங்கலிலும் ஆண்கள் தலைப்பாகை கட்டியே பணிவிடைக்கு நிற்கிறார்கள். பழகிப்போனதால் அதன் கனம் தெரிவதில்லை. முதன்முதல் கட்டியவனுக்குத் தெரிந்திருக்கும். சட்டம் மாறவில்லை, சேவகன் ஊரைவிட்டுப் போகவில்லை, அடி விழும் என்பதும் பொய்யில்லை. துணியை மடித்துத் தலையில் சுற்றியபோது அவன் கை நடுங்கியிருக்கும். சாமிதோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் இறைத்த முதல் நாளில் எத்தனை வாளிகள் கை நழுவியிருக்குமோ. துவையல் தவசுக்காகக் கடற்கரைக்குச் சென்ற 700 குடும்பங்களும் வீட்டையும் தொழிலையும் விட்டுத்தான் போனார்கள். நாளை என்ன உண்பது என்ற கவலை தீர்ந்த பிறகா போனார்கள்? பயம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் இன்று பதி ஏது, தாங்கல் ஏது.

பனையேறும் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மரத்திலிருந்து தவறி விழுந்து பிழைத்தவன், எலும்பு கூடிய பிறகும் பனையை அண்ணாந்து பார்த்தாலே வியர்த்துப்போவான். அவனை எடுத்த எடுப்பில் நெட்டைப் பனையில் ஏற்றினால் காரியம் கெடும். வடலிப் பருவம் தாண்டிய குட்டைப் பனை ஒன்றைக் காட்ட வேண்டும். தளைநாரை மாட்டி, ஆள் உயரம் ஏறி நிற்கச் சொல்ல வேண்டும். நெஞ்சு அடிக்கும், தொடை ஆடும். முக்கியமான இடம் இதுதான். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போதே இறங்கிவிட்டால், இறங்கியதால்தான் தப்பினேன் என்று உடம்பு எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு அந்த ஆள் உயரமும் எட்டாது. அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றால், சற்று நேரத்தில் ஆட்டம் தானாகத் தணியும். எந்த நடுக்கமும் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதில்லை. தணிந்த பிறகு இறங்கலாம். மறுநாள் இன்னும் ஒரு முழம். இன்றைய மனநல மருத்துவர்கள் பயத்துக்குச் செய்யும் சிகிச்சைகளில் ஒன்று ஏறக்குறைய இதே முறைதான். படிபடியாக நெருங்குவது, தணியும் வரை நிற்பது, மறுபடியும் போவது.

அன்புக்கொடி மக்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பேய்க்குக் கொடுத்த கப்பத்தை நிறுத்திவிட்டு, அய்யாவின் பெயரையே புதுக் கப்பமாக்கிக்கொள்வது. நாமம் இடாமல் வாசலைத் தாண்டினால் விபத்து வரும், பதியின் மண் பையில் இல்லாவிட்டால் காரியம் கெடும் என்று அஞ்சுகிறவன் நாமத்தைத் தாயத்தாக்கிவிட்டான். பழைய பயம் புது உடை போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது கூப்பிடும் பெயர் வேறு, எதிர்கொண்டு நடக்கும்போது கூப்பிடும் பெயர் வேறு. வாய் இரண்டிலும் "அய்யா உண்டு" என்றுதான் சொல்கிறது. உண்டு என்று நம்புகிறவன் எதற்காகச் சுற்றிப் போகிறான் என்பதை அவன்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளியறையில் அவன் எதிரே கண்ணாடி இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு மின்கம்பியைத் தொடுவதும் வெள்ளத்தில் இறங்குவதும் அறிவீனம். புலிக்கூண்டுக்குள் அய்யா தாமாகத் தேடிப் போகவில்லை. மன்னன் ஆட்கள் அடைத்தார்கள். அடைத்தபோது அவர் அஞ்சவில்லை, புலி பணிந்து படுத்தது. உண்மையான ஆபத்தை விட்டு விலகுவது தவறே அல்ல. தூக்கமும் சோறும் கெட்டு, மாதக்கணக்கில் நெஞ்சு படபடத்து முடங்கிக் கிடப்பவரை "அய்யாவை நம்பு, எழுந்து போ" என்று விரட்டுவதும் தருமம் ஆகாது. அவருக்கு மருத்துவர் வேண்டும், கூடப் போக ஓர் ஆளும் வேண்டும். பயந்த பிள்ளையை இருட்டறையில் தள்ளிக் கதவைச் சாத்தும் தகப்பனும் பயத்தைப் போக்குவதில்லை, அதற்கு உரம் போடுகிறான்.

இன்றைக்குப் புளியமரங்கள் குறைந்துவிட்டன. பயம் கவருக்குள் வருகிறது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கும் அம்மா இருக்கிறாள். வங்கி இருக்கும் தெருவைத் தவிர்த்து மூன்று தெரு சுற்றிப் போகும் கடன்காரர் இருக்கிறார். நேர்முகத் தேர்வு நாளில் வயிற்றுவலி வந்து படுத்துக்கொள்ளும் மகன் இருக்கிறான். அவர்கள் உகப்படிப்புக்குத் தவறாமல் வருகிறவர்களாகவும் இருக்கலாம். அந்த அம்மா முதல் நாள் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கை நடுக்கம் ஓயும்வரை உட்கார்ந்திருக்கட்டும். அன்றைக்கு அதைப் பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ அருகில் உட்காரவைத்துப் பிரிக்கலாம். மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக ஒரு பஸ் இருக்கிறது.